காற்றுக்கும் மேடு பள்ளம் உண்டு

கிளைடர் என்றதும் பலரும் சொல்வது, "எஞ்சினே கிடையாது, அப்போ ஒரே அமைதியாக இருக்குமே" என்பதுதான். ஏறிப் பார்த்தபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே காற்றுச் சத்தம் ஓய்வதே இல்லை. வேகம் கூடினால் சீறுகிறது, குறைந்தால் முணுமுணுக்கிறது, கிளைடர் கொஞ்சம் பக்கவாட்டாகச் சறுக்கினால் ஒரு காதில் மட்டும் இரைகிறது. பழகிய விமானிகளுக்கு அந்தச் சத்தமே போதும், வேகமானியைப் பார்க்காமலே வேகத்தைச் சொல்லிவிடுவார்கள். எஞ்சின் இல்லாததால் வருவது அமைதி அல்ல. அதுவரை எஞ்சின் மறைத்துவைத்திருந்த காற்று நமக்குக் கேட்க ஆரம்பிக்கிறது. பயண விமானங்களில் எத்தனையோ முறை வானத்தைக் கடந்திருக்கிறேன். காற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறோம் என்ற உணர்வு இங்கேதான் வந்தது.

நான் பறந்த இடம் வாசர்குப்பே. ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில், ரோன் மலைகளிலேயே உயரமானது, 950 மீட்டர். நம் ஏற்காட்டோடு ஒப்பிட்டால்கூடத் தாழ்வுதான். ஆனால் உச்சியில் மரங்கள் அதிகம் இல்லை, பெரும்பாலும் புல்வெளி. எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் தடுக்க எதுவும் இல்லை. 1911இலேயே டார்ம்ஸ்டாட் நகரத்து இளைஞர்கள் தாங்களே செய்த கிளைடர்களைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தது அதனால்தான். முதல் உலகப்போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியின் விமானத் தொழிலைக் கட்டிப்போட்டது. எஞ்சின் வைத்துப் பறக்க வழியில்லாத நிலையில், ஓஸ்கர் ஊர்சினுஸ் என்ற பத்திரிகை ஆசிரியர் 1920இல் இந்த மலைக்கு வாருங்கள், எஞ்சின் இல்லாமல் போட்டியிடுவோம் என்று அழைத்தார். கிளைடர் உலகம் தன் பிறந்த வீடாகச் சொல்லிக்கொள்வது இந்த மலையைத்தான். ஃபிராங்ஃபர்ட்டில் வேலை பார்க்கும் நான் வார இறுதிகளில் இந்தப் பக்கம் நடக்க வருவேன். தலைக்கு மேலே சத்தமில்லாமல் சுற்றும் வெள்ளை இறக்கைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆசை வந்தது.

முதலில் எடை கேட்டார்கள். முன் இருக்கையில் உட்காருபவர் குறைந்தது 70 கிலோ இருக்க வேண்டும், 110 கிலோவைத் தாண்டக் கூடாது. எடை குறைவானவர்களுக்கு ஈயத் தகடு வைத்துச் சரிசெய்கிறார்கள். இது வெறும் சடங்கு அல்ல. மூக்குப் பக்கம் எடை போதாமல் போனால் கிளைடர் கட்டுக்கு அடங்காது. அப்புறம் முதுகில் பாராசூட். மாட்டிவிடும்போதே, கண்ணாடி மூடியைக் கழற்றி எறிவது, வாரை அவிழ்ப்பது, குதிப்பது, கைப்பிடியை இழுப்பது என்று வரிசையாகச் சொல்லித் தந்தார்கள். சொன்ன குரலில் பயமுறுத்தலும் இல்லை, விளையாட்டும் இல்லை. அதுவே எனக்குத் தைரியம் தந்தது.

கிளைடரின் பெயர் ஏ.எஸ்.கே. 21. மலையடிவாரத்திலேயே பாப்பன்ஹவுசன் என்று ஓர் ஊர். அங்கே 1927இல் தொடங்கிய ஷ்லைகர் தொழிற்சாலையில் செய்தது. ருடால்ஃப் கைசர் வடிவமைத்த இந்த ரகம் முதலில் பறந்தது 1979இல். இன்றும் உலகம் முழுக்கப் பயிற்சிக்கு இதைத்தான் நம்புகிறார்கள். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 17 மீட்டர், ஆனால் வெற்று எடை வெறும் 360 கிலோ. உடம்பு முழுக்கக் கண்ணாடி இழையும் பிசினும். வெயிலில் அந்தப் பிசின் சூடேறி இளகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் கிளைடர்களுக்கு வெள்ளை நிறம். அழகுக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பயணிக்கு முன் இருக்கை, விமானிக்குப் பின் இருக்கை. என்னை ஏற்றிச் சென்றவர் அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி. பறந்த நேரம் முழுக்க அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, தோளுக்குப் பின்னாலிருந்து வந்த குரல் மட்டும்தான். எனக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மெல்லிய கண்ணாடி மூடி, அதற்கு அப்பால் புல். கைப்பிடிகளுக்கு நிறம் உண்டு: கயிற்றை விடுவிக்க மஞ்சள், வேகத்தடைப் பலகைகளுக்கு நீலம், மூக்கின் சமநிலையைச் சரிசெய்யப் பச்சை, அவசரத்துக்குச் சிவப்பு. இன்றைய கிளைடர்கள் எதில் ஏறினாலும் பெரும்பாலும் இந்த நிறங்கள் இவைதானாம். கண்ணாடி மூடியின் வெளிப்புறத்தில் நடுவே ஒரு துண்டுக் கம்பளி நூல் ஒட்டியிருந்தது. விரல் நீளம்தான். நூல் நேராகப் பின்னோக்கிப் படுத்திருந்தால் கிளைடர் காற்றை நேராகக் கிழிக்கிறது என்று பொருள், ஒரு பக்கம் சாய்ந்தால் சறுக்குகிறது. கணினித் திரை வைத்த கிளைடர்களிலும் இந்த நூல் இருக்கும். இதைவிட நம்பகமான கருவியை இன்னும் யாரும் செய்யவில்லை என்றார் அவர்.

கிளம்புவதற்கு முன் அவர் சத்தமாக ஒரு பாடம் ஒப்பித்தார். கயிறு அறுந்தால் முதலில் மூக்கைத் தாழ்த்துவேன், வேகம் வரும்வரை காத்திருப்பேன், உயரம் குறைவு என்றால் நேரே இறங்குவேன், உயரம் இருந்தால் ஒரு சிறு சுற்றுப் போட்டு இறங்குவேன். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் இதைச் சொல்கிறார்கள், பல்லாயிரம் முறை பறந்தவரும் சொல்கிறார். கேட்கப் பிடித்தது.

ஓடுதளத்தின் மறு கோடியில் விஞ்ச் நின்றது. பெரிய எஞ்சின் வைத்த ஒரு உருளை, அதில் சுற்றிய கயிறு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். இறக்கை நுனியை ஒரு பையன் பிடித்துச் சமமாக்கினான். கயிறு புல்லில் ஊர்ந்து விறைத்தது. அடுத்த நொடி முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. பையன் நாலு எட்டு ஓடியிருப்பான், அதற்குள் சக்கரச் சத்தம் நின்றுவிட்டது. மூன்று நான்கு நொடிகளில் நூறு கிலோமீட்டர் வேகம். பிறகு மூக்கு மேலே போனது, போய்க்கொண்டே இருந்தது. கண்ணெதிரே வானம் மட்டும். பக்கவாட்டில் பார்த்தால்தான் தரை சாய்ந்து விலகுவது தெரிந்தது. சிறுவயதில் பட்டம் ஏற்ற நூலைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் ஓடுவோமே, நடப்பது சரியாக அதுதான். இங்கே நூலைப் பிடித்து ஓடுவது ஒரு எஞ்சின், பட்டத்துக்குள் நாம். நாற்பது நொடிகூட ஆகியிருக்காது, முந்நூறு மீட்டருக்கு மேல் ஏறியாயிற்று. மூக்கு மெல்லத் தாழ்ந்தது, 'டக்' என்று ஒரு சத்தம், கயிறு போய்விட்டது. அந்த நிமிடத்திலிருந்து இந்த வண்டிக்குச் சொந்தமாக இருப்பது உயரம் மட்டும்தான்.

உயரம் என்பது இங்கே கையிருப்பு. ஏ.எஸ்.கே. 21 நன்றாகப் பறக்கும் வேகத்தில், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டரில், ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 34 மீட்டர் முன்னே போய்விடும். அசையாத காற்றில் ஆயிரம் மீட்டர் உயரத்தில் விட்டால் 34 கிலோமீட்டர் போகும். முந்நூறு மீட்டர் என்றால் பத்து கிலோமீட்டர். சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் சில நிமிடங்களில் தரை வந்துவிடும். கிளைடர் எப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, ஏறும்போதும்கூட. தான் இறங்கும் வேகத்தைவிட வேகமாக ஏறுகிற காற்றுக்குள் இருந்தால், அந்தக் காற்றோடு சேர்ந்து தானும் மேலே போகும். ரகசியம் அவ்வளவுதான். கேட்க எளிது. ஆனால் அந்தக் காற்று கண்ணுக்குத் தெரியாது.

1920 போட்டியில் வொல்ஃப்காங் கிளெம்பரர் காற்றில் நின்றது 2 நிமிடம் 22 நொடி. அன்றைக்கு அது பெரிய சாதனை. அதே போட்டியில் ஓய்கன் ஃபொன் லோஸ்ல் விழுந்து இறந்தார். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1922 ஆகஸ்டில், ஹானோவர் மாணவர்கள் செய்த 'வாம்பூர்' என்ற கிளைடரில் ஆர்தர் மார்ட்டென்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் மேலேயே இருந்தார். அதே மாதத்தில் அதே கிளைடரில் ஹென்ட்ஸன் மூன்று மணி நேரத்தைத் தாண்டினார். இரண்டு நிமிடம் எங்கே, மூன்று மணி நேரம் எங்கே! கிளைடரின் வடிவம் மேம்பட்டது உண்மை. ஆனால் பெரிய மாற்றம் வேறு. மேற்கிலிருந்து வரும் காற்று மலைச்சரிவில் மோதி மேலே திரும்புகிறது. அந்த மேலேறும் பட்டைக்குள்ளேயே இப்படியும் அப்படியும் போய்வந்தால் இறங்கவே வேண்டியதில்லை என்பதை அவர்கள் செய்து காட்டினார்கள்.

நாங்களும் முதலில் போனது அந்த மேற்குச் சரிவுக்குத்தான். அன்று காற்று மேற்கிலிருந்து மிதமாக வீசியது. கீழே குக்காய்ஸே என்ற சின்ன ஏரி, அதற்கு அப்பால் பாப்பன்ஹவுசன் வீடுகளின் கூரை. சரிவின் விளிம்பைத் தொட்டதும் இருக்கை அடியிலிருந்து ஒரு மெல்லிய தள்ளல். "இப்போது மலை நம்மைத் தாங்குகிறது" என்றார் பின்னாலிருந்து. உயரமானி அசையாமல் நின்றது. சரிவைவிட்டு வேண்டுமென்றே ஐம்பது அறுபது மீட்டர் விலகிக் காட்டினார், தாங்கல் மெலிந்தது. திரும்பி வந்ததும் மறுபடி கிடைத்தது. காற்றுக்கு ஓரம் உண்டு என்று எனக்குப் புரிந்தது அங்கேதான். இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று விரல் வைத்துச் சொல்லிவிடலாம் போல இருந்தது.

சரிவுக்காற்றோடு நின்றுவிட்டால் மலையைவிட்டு எங்கும் போக முடியாது. அடுத்த வழி தெர்மல், அதாவது வெயிலில் சூடேறி எழும் காற்று. சூரியன் காற்றை நேராகச் சூடாக்குவதில்லை. தரையைச் சூடாக்குகிறது, தரை காற்றைச் சூடாக்குகிறது. உழுத வயல், கல் குவாரி, ஊர்க் கூரைகள் சீக்கிரம் சுடும். ஈரப் புல்வெளியும் காடும் மெதுவாக. சூடான காற்று தரையோடு ஒட்டிக் கிடந்து, ஒரு காட்டோரமோ மேடோ கிடைத்ததும் பிய்த்துக்கொண்டு மேலே போகும். நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் குளிர்ந்துகொண்டே போய், ஓர் உயரத்தில் அதிலிருக்கும் ஈரம் மேகமாகிறது. வெயில் நாளில் அடி தட்டையாக, மேலே பொதபொதவென்று இருக்கும் வெள்ளை மேகம் ஒவ்வொன்றும் இப்படி எழுந்த காற்றின் தலைதான். அன்றுவரை மேகங்களை வானத்துக்கு அழகு என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன். விமானி அவற்றைப் படிக்கிறார். விளிம்பு கூர்மையாக இருப்பது இளசு, அடியில் காற்று இருக்கும். விளிம்பு நைந்து கலைவது கிழடு, போய்ப் பயனில்லை.

மில்செபூர்க் குன்றின் பக்கம் ஒரு இளம் மேகம். அதை நோக்கிப் போகும் வழியில், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று ஒலியால் சொல்லும் கருவி "ம்ம்ம்" என்று தாழ்ந்த குரலில் முனகியது. இறங்கும் காற்று. மேலே போகிற காற்று இருந்தால் அதைச் சுற்றிக் கீழே வருகிற காற்றும் இருந்தே ஆக வேண்டும். உயரமானி முள் மளமளவென்று பின்னே போனது. வயிற்றில் கொஞ்சம் பயம் எட்டிப்பார்த்தது, மறைக்க என்ன இருக்கிறது. அவரோ வேகத்தைக் கூட்டினார். இறக்கக் காற்றில் தயங்கக் கூடாது, சீக்கிரம் தாண்ட வேண்டும். அப்புறம் வலது இறக்கையை யாரோ அடியிலிருந்து தூக்கியது மாதிரி ஒரு குலுக்கல். "அங்கே இருக்கிறது" என்றார். இறக்கை எந்தப் பக்கம் எழுகிறதோ அந்தப் பக்கம்தான் தெர்மல். கிளைடர் அந்த இறக்கையைத் தாழ்த்தி அதற்குள்ளேயே திரும்பியது. கருவியின் முனகல் 'பீப் பீப்' என்று மாறியது, சுருதி ஏறிக்கொண்டே போனது.

அந்தக் கருவியின் பெயர் வேரியோமீட்டர். அடிப்படை ரொம்ப எளிது. ஒரு ஃபிளாஸ்க்கில் காற்று அடைத்திருக்கும். மேலே போகப்போக வெளியே அழுத்தம் குறையும், உள்ளிருக்கும் காற்று ஒரு குழாய் வழியாக வெளியேறும். அந்த ஓட்டத்தை அளந்தால் ஏறும் வேகம். இது ஏன் தேவை என்பது எனக்கு அந்தச் சுழலில் விளங்கியது. தெர்மலுக்குள் நுழைந்த நொடியில் உடம்புக்குத் தெரிந்தது. பிறகு நொடிக்கு இரண்டு மீட்டர் வீதம் சீராக ஏறும்போது உடம்புக்கு ஒன்றுமே தெரியவில்லை. நம் உடம்பு உணர்வது மாற்றத்தை மட்டும்தான். சீரான ஏற்றமும் சீரான இறக்கமும் அதற்கு ஒன்று. ராபர்ட் கிரோன்ஃபெல்ட் என்ற ஆஸ்திரிய இளைஞர் இதை உணர்ந்து, பலூன்காரர்கள் வைத்திருந்த இந்தக் கருவியை 1920களின் இறுதியிலேயே கிளைடரில் வைத்துப் பறந்தார். 1929இல் நூறு கிலோமீட்டரைத் தாண்டினார். அதற்கு முன்னே 1926இல் மாக்ஸ் கேகல் இதே மலையிலிருந்து கிளம்பி, ஒரு இடிமேகம் உள்ளே இழுத்துக்கொண்டு போய், 55 கிலோமீட்டர் தள்ளி உயிரோடு இறங்கியிருந்தார். மேகத்துக்கு அடியில் இத்தனை வலு இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டியது அந்த விபத்துபோன்ற பயணம்தான்.

கிரோன்ஃபெல்ட் யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் வெளியேறி, பிரிட்டனில் குடியேறி, 1948இல் ஒரு சோதனைக் கிளைடரில் இறந்தார். இந்த மலையையும் நாஜிகள் விட்டுவைக்கவில்லை. கிளைடர் சங்கங்களைக் கலைத்துத் தங்கள் அமைப்புக்குள் அடக்கி, சிறுவர்களைப் போர் விமானிகளாக்கும் வழியாக மாற்றினார்கள். போருக்குப் பிறகு வந்த தடை 1951இல்தான் நீங்கியது. இவ்வளவு அழகான ஒன்றைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. உச்சியில் இன்றும் நிற்கும் வெள்ளைக் கோளம் பனிப்போர்க்கால ரேடார் நிலையத்தின் மிச்சம். மேலேயிருந்து முதலில் கண்ணில் படுவதும் அதுதான்.

சுற்றி ஏறும்போது எங்களுக்குத் துணை வந்தது. வால் பிளந்த, செம்பழுப்பு நிறப் பருந்து ஒன்று. ரோன் மலைகளில் இவை நிறைய. எங்களுக்கும் அதற்கும் நடுவே முப்பது மீட்டர்கூட இருக்காது. ஒரே வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் சுற்றினோம். இறக்கையை ஒருமுறைகூட அடிக்கவில்லை. வால் மட்டும் இப்படியும் அப்படியும் முறுக்கிக்கொண்டது. ஒரு கட்டத்தில் அது வட்டத்தை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தியது. விமானி உடனே தானும் நகர்த்தினார். கருவியின் சுருதி ஏறியது. "அதற்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்" என்றார், அவர் குரலில் மரியாதை இருந்தது. ஊரில் மொட்டைமாடியிலிருந்து பருந்து வட்டமிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் அது இரை தேடுகிறது என்றுதான் நினைப்பேன். தேடட்டும், ஆனால் முதலில் அது உயரம் சேர்க்கிறது.

கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் வந்ததும் மேகத்தின் அடி தலைக்கு மேலே சாம்பல் நிறத்தில் விரிந்தது. குளிர் வந்தது. மேகத்துக்குள் நுழையாமல் விலகினோம். மேற்கே ஃபுல்டா நகரம், தெற்கே கெர்ஸ்ஃபெல்ட், நடுவே மஞ்சளும் பச்சையுமாக வயல்கள். "பிடித்துப் பாருங்கள்" என்று கட்டுப்பாட்டுக் கோலை என்னிடம் விட்டார். இரண்டு விரல் போதும். என் கைக்கு அது ரொம்ப லேசாக இருந்தது, ஆனாலும் 17 மீட்டர் இறக்கை அந்த விரல்களுக்குக் கட்டுப்பட்டது. இப்போது தரையைப் பார்க்கும் கண்ணே மாறியிருந்தது. அந்த வயல் உழுதிருக்கிறது, அதன் காற்றடிக்கும் பக்கம் காட்டோரம், அங்கே எழும்பலாம் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. சரியா தப்பா என்று தெரியாது. ஆனால் வெறும் வெளியாக இருந்த இடத்தில் இப்போது மேடும் பள்ளமும் ஊற்றும் தெரிந்தன.

இறங்குவது ஒரே வாய்ப்புதான். எஞ்சின் இருந்தால் சரியில்லை என்று மறுபடி சுற்றி வரலாம், இங்கே முடியாது. அதனால் வேண்டுமென்றே அதிக உயரத்தோடு வந்து, நீலக் கைப்பிடியை இழுக்கிறார்கள். இறக்கையின் மேலே பலகைகள் நிமிர்ந்து, சேர்த்துவைத்த உயரத்தைச் செலவழிக்கின்றன. பலகை நிமிர்ந்ததும் கிளைடர் முழுக்க ஒரு நடுக்கம். புல் வேகமாக நெருங்கியது, சக்கரம் உருண்டது, வேகம் தீரும்வரை இறக்கை சமமாகவே நின்று, கடைசியில் ஒரு பக்கம் மெதுவாகச் சாய்ந்து புல்லைத் தொட்டது.

இறங்கியதும் எல்லோரும் சேர்ந்து தள்ளினோம். ஒருவர் பறக்க விஞ்ச்சில் ஒருவர், இறக்கையில் ஒருவர், கயிற்றைத் திரும்பக் கொண்டுவர ஒருவர், நேரம் குறிக்க ஒருவர் என்று கீழே அத்தனை பேர் உழைக்க வேண்டியிருக்கிறது. இறக்கை பிடித்த பையனுக்கு வயது பதினைந்து. இங்கே பதினான்கு வயதில் தனியாகக் கிளைடர் ஓட்டலாம், பதினாறில் உரிமம். கார் ஓட்ட அவன் இன்னும் காத்திருக்க வேண்டும். அன்று மாலை அவன் பறக்கும் முறை வந்தபோது நானும் தள்ளிக்கொடுத்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஐரோப்பாவில் இருப்பவர்கள் பக்கத்து ஊரில் கிளைடர் சங்கம் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். விருந்தினரை ஏற்றிச் செல்வார்கள். இந்தியாவில் புனேவின் ஹடப்சரில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் நடத்திவந்த கிளைடர் மையம் உண்டு, போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மூடிக்குள் வெயில் சுள்ளென்று அடிக்கும், விளிம்பு இல்லாத துணித் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். சுழலும்போது தலை சுற்றினால் தொடுவானத்தைப் பாருங்கள், மடியைப் பார்க்காதீர்கள். முக்கியமாக, நேரம் கேட்கும்போது மதியத்துக்கு மேல் கேளுங்கள். காலையில் தரை இன்னும் சூடேறியிருக்காது, ஐந்தாறு நிமிடத்தில் இறங்கிவிடுவீர்கள்.